கில்லீஸ் தெருவை 29சி-யில் ஏற்றிய கதை

இந்த வலைப்பதிவில் இதுவரை மலைகள், அருவிகள், ஒருமுறை வழிதவறிப் போன சிமெண்ட் ஆலை ஆகியவற்றைப் பற்றி எழுதியிருக்கிறேன். இந்த முறை பயணம் என் வீட்டு வாசலிலிருந்து. அசோக் நகரில் புறப்பட்டு மயிலாப்பூர், தியாகராய நகர், பெசன்ட் நகர், மறுபடியும் மயிலாப்பூர். மொத்தம் இருபத்தேழு கிலோமீட்டர், ஒரே நாள். பார்க்க வேண்டிய இடங்கள்: ஒரு மின்கம்பம், ஒரு துணிக்கடையின் இரண்டாம் மாடி, ஒரு சலவை இயந்திரத்தின் அடிப்பக்கம்.

போனதற்குக் காரணம் என் பெயர். தே. கில்லீஸ். தே என்பது என் அப்பா தேவசகாயம். கில்லீஸ் என்பது ஸ்காட்லாந்துக்காரர்களின் குடும்பப் பெயர். அவர்களுடைய பழைய மொழியில் இயேசுவின் ஊழியன் என்று பொருள். அந்தப் பெயர் கொண்ட பிரபலமானவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. மருத்துவர்கள், ஓவியர்கள், அரசியல்வாதிகள், கால்பந்து ஆட்டக்காரர்கள். நிறையக் கால்பந்து ஆட்டக்காரர்கள்.

எங்களுக்கு அது வந்த வழி எளிமையானது. தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் என் கொள்ளுத்தாத்தா ஞானமுத்துவின் மனைவிக்குச் சிக்கலான பிரசவம். தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிய டாக்டரின் கடைசிப் பெயர் கில்லீஸ். கொள்ளுத்தாத்தா அதை எடுத்துப் பிள்ளைக்கு முதல் பெயராக வைத்துவிட்டார். எது குடும்பப் பெயர், எது இட்ட பெயர் என்பதெல்லாம் அவர் கவலை அல்ல. நன்றியுள்ளவர், நல்ல பெயர், முடிந்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து ஞா. கில்லீஸ் என்று சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளுக்குக் கில்லீஸ் வெறும் 'கி' ஆனது. பேரன்களான எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் மறுபடியும் முழுப் பெயராகத் திரும்பியது. ஒரு தலைமுறை முதலெழுத்து, ஒரு தலைமுறை பெயர். ஸ்காட்லாந்தில் இப்படி நடக்காது.

நடக்காது என்பது எனக்கு எழுத்துப்பூர்வமாகவே தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் அங்குள்ள ஒரு குலச் சங்கத்துக்கு, நானும் ஒரு கில்லீஸ், உறுப்பினராகலாமா என்று கேட்டு எழுதினேன். மிகவும் கண்ணியமான பதில் வந்தது. உங்கள் விஷயத்தில் அது குடும்பப் பெயராகத் தெரியவில்லை, எனவே வருந்துகிறோம், எங்கள் நாட்டுக்குச் சுற்றுலா வந்தால் மகிழ்வோம் என்று. நான் போகவில்லை.

சென்ற ஜூலையில் ஒரு புதன்கிழமை மாலை எஸ்தர் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பாவின் தங்கை. பிரசவ வார்டில் முப்பத்து நான்கு வருடம் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடம் பேசினாலும் மூச்சை இழுத்து விடச் சொல்லப்போகிற தொனி.

"டேய், தெருப் பேரை மாத்தறானுங்கடா. நாளைக்கு அஞ்சு மணிதான் கடைசி. காலைல வந்து சேரு."

மயிலாப்பூரில் அத்தை இருக்கும் தெருவுக்குக் கில்லீஸ் தெரு என்று பெயர். தெரு என்பது மரியாதைக்கு. இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று யாராவது ஒருவர் வீட்டுக்குள் போக வேண்டும். அந்தக் கில்லீஸ், அத்தையின் அப்பா.

வியாழக்கிழமை காலை 8.10-க்குக் கிளம்பினேன். அசோக் நகரிலிருந்து எட்டு கிலோமீட்டர், ஆட்டோ நூற்றுத் தொண்ணூறு ரூபாய், நாற்பது நிமிடம். ஓட்டுநர் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன்.

"வெள்ளக்காரன் பேரா சார்?"

"என் தாத்தா பேரு."

கண்ணாடியில் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "அப்டி ஒண்ணும் தெர்லியே" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். அன்றைக்கு நான் சந்திக்கப்போகும் எதிர்ப்பு முழுவதையும் அவர் தியாகராய நகர்கூட வராமல் சொல்லி முடித்துவிட்டார்.

அறிவிப்பு தெருமுனை மின்கம்பத்தில் ஒட்டியிருந்தது. பதினான்கு நாட்களாக அதன்மேல் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி இருந்திருக்கிறது. செவ்வாய் இரவு மழையில் அது உரிந்த பிறகுதான் உள்ளே இருந்தது தெரிந்தது. அந்நியர் ஆட்சிக்காலப் பெயர்கள் நீக்கப்படுகின்றன. கில்லீஸ் தெரு இனி செந்தாமரைத் தெரு. ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாட்களுக்குள் நேரில் தெரிவிக்கலாம். பூவுக்கு யார் ஆட்சேபணை சொல்வார்கள் என்று கணக்குப் போட்டு வைத்த பெயர்.

அத்தை வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். "காலராவுக்கு வீடு வீடா ஊசி போட்டது செந்தாமரை இல்ல" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த காலை வணக்கம்.

தாத்தா ஒரு மருந்தகத்தில் கம்பவுண்டர். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தைக் கலந்து கொடுப்பவர். ஒரு வருடம் காலரா வந்தபோது அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் போனவர் அவர் ஒருவர்தான். தெருக்காரர்கள் கேட்டு அந்தப் பெயர் வந்தது. அவருக்கு வேறு அடையாளம் எதுவும் மிச்சமில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடநெருக்கடி. அதே குழியில் அவருக்குப் பிறகு குடும்பத்தில் இரண்டு பேரை வைத்தாயிற்று. கடைசியாகப் போனவர் பெயர்தான் கல்லில் இருக்கிறது. புகைப்படம் ஒரு வெள்ளத்தில் போனது. தெருப்பலகையும் போனால் அத்தைக்குத் தன் அப்பா பெயரை எழுத்தில் பார்க்க அவருடைய சொந்த முதலெழுத்து மட்டுமே மிஞ்சும்.

எதிர்வீட்டு வீணை வாத்தியார் வரதன் மாமா, அத்தை எழுதி வைத்திருந்த ஆட்சேபணை மனுவில் முதல் கையெழுத்துப் போட்டார். அவர்கள் நான்கு தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள்.

"எங்க தாத்தா மடின்னா மடி. சொந்தத் தம்பியக்கூட கிட்டக்க விடமாட்டார். ஆனா கம்பவுண்டர் ஆத்துக்குள்ள வந்து கையப் பிடிச்சு ஊசி போட்டார்னு அப்பா சொல்லிண்டே இருப்பார். அப்புறம் ஸ்நானம் பண்ணினாராம். ஆனா கம்பவுண்டர் போறவரைக்கும் காத்திண்டிருந்து பண்ணினாராம், அவர் மனசு நோகப்படாதுன்னு."

"செந்தாமரைன்னு வைக்கறாங்களே மாமா?"

"பேர் பொருத்தமாத்தான் இருக்கு. சேறு ஏற்கெனவே இருக்கே."

பதினொரு கையெழுத்துகளோடு 10.15-க்கு அலுவலகம் போனோம், நடந்தே. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. எந்த அலுவலகத்தைச் சொன்னாலும் பொருந்தும். எங்களைப் பார்த்தவர் நாற்பது வயதுப் பிரிவு அலுவலர். நல்ல மனிதர், அத்தையை உட்காரச் சொன்னார், மின்விசிறியைத் திருப்பிவிட்டார். பிறகு ஒரு அச்சுப்பிரதியை மேசையில் வைத்தார். இணையத்தில் உள்ள அதே பட்டியல். கில்லீஸ் என்ற பெயருடைய பிரபலங்கள்.

"நானே உக்காந்து பாத்தேன் சார். ஒரு இந்தியர்கூட இல்ல. எல்லாம் அந்தப் பக்கத்து ஆளுங்க. இதுல உங்க தாத்தா எங்க இருக்காரு?"

"அவரு கால்பந்து ஆடல."

அவர் சிரிக்கவில்லை. தாத்தாவின் கதையை அத்தை சொன்னார், பொறுமையாகக் கேட்டார். வாய்மொழியாகச் சொல்வதை ஏற்க முடியாது என்றார். தெருவின் பெயர் உள்ளூர்க்காரருடையது என்று காட்டும் ஏதாவது ஒன்று வேண்டும். அதுவும் இன்றைக்கு ஐந்து மணிக்குள்.

வெளியே வந்ததும் அத்தைதான் நினைவுபடுத்தினார். இப்போது இருக்கும் நீலப்பலகை வருவதற்கு முன்னால் ஒரு பழைய எனாமல் பலகை இருந்தது. அதில் 'ஞா. கில்லீஸ் தெரு' என்று எழுதியிருந்தது. புதுப்பலகை எழுதியவர் இடம் போதாமலோ என்னவோ அந்த 'ஞா'வை விட்டுவிட்டார். ஒரு முதலெழுத்து போன அன்றே தாத்தா வெள்ளைக்காரர் ஆகிவிட்டார். நம் ஊரில் அப்பா பெயரை முன்னால் போட்டுக்கொள்ளாத கில்லீஸ் கப்பலில் வந்தவராகத்தான் இருக்க வேண்டும். அத்தை பலமுறை சொல்லியும் அதைத் திருத்தவில்லை.

"அந்தப் பழைய போர்டு எங்க அத்த?"

"உங்க பெரியப்பா எடுத்துட்டுப் போனாரு. அவரு புள்ளையக் கேளு."

பெரியப்பா இப்போது இல்லை. அவர் மகன், சென்னையின் இன்னொரு கில்லீஸ், தியாகராய நகரில் ஒரு துணிக்கடையின் இரண்டாம் மாடியில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறான். என்னைவிட இரண்டு வயது இளையவன். வேலை நேரத்தில் போனை எடுக்கக்கூடாது என்பது கடையின் விதி. எனவே நேரில் போக வேண்டியதாயிற்று. லஸ் முனையிலிருந்து 12பி, பத்து ரூபாய், ஐந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். அதில் கடைசி அரைக் கிலோமீட்டருக்கு மட்டும் இருபது நிமிடம். ஆடித் தள்ளுபடி. இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் ஆடி மாதத்தைத் தவிர்க்கவும். தவிர்க்க முடியாதவர்கள் பனகல் பூங்காவிலேயே இறங்கி நடக்கவும். நடப்பது என்பதும் மிகைதான், நின்றால் போதும், கூட்டம் கொண்டுபோய் விடும்.

இரண்டாம் மாடிக்கு 11.55-க்கு ஏறினேன். தம்பி ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு நாற்பதாவது புடவையை விரித்துக்கொண்டிருந்தான். கடை முதலாளி நெல்லைப் பக்கத்து அண்ணாச்சி. பதினெட்டு வருடமாக அவனை 'தம்பி' என்றே கூப்பிட்டுப் பெயர்ப் பிரச்சினையைத் தீர்த்துவைத்திருக்கிறார்.

"அண்ணாச்சி, இவர்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும்."

"இன்னிக்கா? என்ன வே, யாருக்காவது மேலுக்கு முடியலையா?"

"எங்க தாத்தா பேரு போகப்போகுது."

அண்ணாச்சி யோசித்தார். அவருடைய கடைப்பலகையில் மின்விளக்கில் எரிவதும் அவர் தாத்தா பெயர்தான். "போயிட்டு வாரும் தம்பி. பத்து நிமிஷம்" என்றார். ஆடியில் தியாகராய நகரில் பத்து நிமிடம் என்பது பெரிய நன்கொடை.

தம்பி கேட்டதும் முகம் வெளுத்தான். "போர்டா? இருக்குது. ஆனா அத்தைகிட்ட எங்க இருக்குன்னு சொல்லாத."

"எங்கடா?"

"வாஷிங் மெஷினுக்கு அடியில. தரை சரிவா இருந்துச்சு. ஆட்டம் காட்டிச்சு. அதான் முட்டுக் குடுத்தேன்."

தாத்தாவின் பெயர் ஒன்பது வருடமாக ஏழு கிலோ கொள்ளளவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோதும் குடும்பத்தில் அவருக்கு ஏறக்குறைய இதே வேலைதான் என்பார் அப்பா.

கூட்டத்திலிருந்து வெளியே வரவே முக்கால் மணி நேரம் ஆனது. அங்கிருந்து பெசன்ட் நகருக்கு ஆட்டோ. எட்டு கிலோமீட்டர், இருநூற்று இருபது ரூபாய், 1.40-க்கு வேளாங்கண்ணி கோயிலுக்குப் பின்னால் தம்பி வீட்டு வாசல். அவன் மனைவி ஜெமிமா கதவைத் திறந்தாள். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்பதான் அண்ணே போட்டேன். ஐம்பத்தெட்டு நிமிஷம்னு காட்டுது. நடுவுல நிறுத்துனா கதவு திறக்காது, தண்ணி உள்ளயே நின்னுக்கும்."

தண்ணீரோடு அதைத் தூக்கிப் பார்த்தோம். தூக்கவில்லை, பார்க்க மட்டும் செய்தோம். இயந்திரத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பயணக் கட்டுரை எழுதுகிறவன் என்ற முறையில் சூரிய உதயத்துக்காகவும் யானைக்காகவும் காத்திருந்திருக்கிறேன். ஒரு போர்வை பிழியப்படுவதற்காக இவ்வளவு நெஞ்சு படபடத்ததில்லை. ஜெமிமா மீன் குழம்பு போட்டாள். வஞ்சிரம். அது நன்றாக இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

2.42-க்கு இயந்திரம் நின்றது. இருவரும் சாய்த்துப் பிடித்து, இரண்டு செங்கல்லைச் செருகி, பலகையை உருவினோம். இரண்டரை அடி நீளம், ஒன்றே கால் அடி அகலம், கனமான இரும்பு. சோப்புத் தூள் கட்டியாக அப்பியிருந்தது. ஜெமிமா பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தாள். வலது ஓரம் துருப்பிடித்து உதிர்ந்து 'தெரு' என்பதில் பாதிதான் இருந்தது. இடது ஓரத்தை அவள் தேய்த்தபோது நான் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அண்ணே, ஞா இருக்குண்ணே."

முழுதாக இருந்தது. ஞா, ஒரு புள்ளி, கில்லீஸ்.

ஆட்டோக்காரர்கள் பலகையைப் பார்த்துவிட்டு நானூறு கேட்டார்கள். அரைமணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன், இப்போதும் கொடுக்கவில்லை. 29சி நின்றிருந்தது. ஆறு கிலோமீட்டர். ஏறினேன். நடத்துநர் வந்தார்.

"இன்னா சார் இது, தெருவயே பேத்து எட்த்துக்கினு போறியா?"

"ஆமா. எங்க தாத்தா தெரு."

"லக்கேஜ் போடணும் சார். எங்க எறங்குது தெரு?"

"மயிலாப்பூர் குளம்."

எனக்கு ஒரு டிக்கெட்டும் தெருவுக்கு ஒரு டிக்கெட்டும் கிழித்தார். அடையாறில் ஏறிய ஒரு பெரியவர் பலகையைப் படித்துவிட்டு, ஞா என்றால் யார் என்று கேட்டார். ஞானமுத்து என்றேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

4.10-க்கு அலுவலகம். அத்தை ஏற்கெனவே அங்கே இருந்தார், காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில். பலகையைப் பார்த்ததும் எழுந்து வந்து சேலை முந்தானையால் ஒருமுறை துடைத்தார். பிறகு முந்தானையை முகர்ந்து பார்த்து, "இதுல ஏன்டா சோப்பு வாசனை?" என்றார். நான் அலுவலரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அலுவலர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொல்றது உண்மைதான் சார். எனக்குத் தெரியுது. ஆனா இது ஆவணம் இல்ல. தகரம். ஒரு அரசு ஆபீஸ்லேர்ந்து வந்த பேப்பர்ல இந்த முதலெழுத்தோட தெருப் பேரு இருந்தா எனக்குச் சுலபம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். உண்மையிலேயே உதவ நினைத்தார். அச்சுப்பிரதியின் மேல் பத்தியைக் காட்டினார். "இதுல அர்த்தம் போட்டிருக்கான் பாருங்க. இயேசுவின் ஊழியன். நம்ம ஊர்லயே இயேசுவடியான்னு பேரு வைக்கிறாங்கல்ல? இயேசுவடியான் தெருன்னு எழுதிக் குடுங்க. அர்த்தம் அதேதான். தமிழாவும் ஆயிடும், உங்க தாத்தாவும் இருப்பாரு. இன்னிக்கே அனுப்பிடறேன்."

ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. மணி 4.25. செந்தாமரையைவிட எவ்வளவோ மேல். அத்தையைப் பார்த்தேன்.

"தம்பி, உங்க பேரு என்ன?" என்றார் அத்தை.

"குமரேசன் மேடம்."

"அர்த்தம் மாறாமத்தான், உங்கள முருகன்னு எழுதிக்கவா? சம்பளமும் முருகன் பேர்லயே வரும்."

குமரேசன் அச்சுப்பிரதியை மடித்து வைத்தார். அத்தை தொடர்ந்தார்.

"எங்கப்பா பேரு கில்லீஸ். அதுக்கு அர்த்தம் இருக்குன்னே அவருக்குத் தெரியாது. எங்க பாட்டி சாவக் கெடந்தப்ப காப்பாத்துன ஆளோட பேரு, அவ்வளவுதான். அந்தப் பேர வெச்சுக்கிட்டுத்தான் இந்தத் தெருவுல எல்லாரையும் காப்பாத்துனாரு. இருந்தா அந்தப் பேரு இருக்கட்டும். இல்லாட்டி உங்க பூவ வெச்சுக்கங்க. நடுவுல ஒண்ணு வேணாம்."

இங்கே கொஞ்சம் நிறுத்தி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே கேட்டால் நீ எங்கள் ஆள் இல்லை என்கிறார்கள். இங்கே கேட்டால் நீ அவர்கள் ஆள் என்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இந்தப் பெயரைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம், மூன்று தலைமுறை வேலை வாங்கியிருக்கிறோம். திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லை. பட்டியல் போடுகிறவர்கள் சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி.

மனுப்படிவத்தில் 'தற்போதைய பெயர்', 'புதிய பெயர்' என்று இரண்டே கட்டங்கள். மாற்ற வேண்டாம் என்பதற்குக் கட்டம் இல்லை. தற்போதைய பெயரில் 'கில்லீஸ் தெரு' என்று எழுதிய அத்தை, புதிய பெயரில் 'ஞா. கில்லீஸ் தெரு' என்று எழுதினார். அனுப்புநர் முகவரியிலும் அப்படியே: கி. எஸ்தர், எண் 7, ஞா. கில்லீஸ் தெரு. 4.48-க்கு முத்திரை விழுந்தது. குமரேசன் இணைப்பு என்ற இடத்தில் 'தகரம் ஒன்று (புகைப்படம்)' என்று குறித்துக்கொண்டார். மறுநாள் அத்தை ஆள் வைத்து நான்கு துளை போட்டு, பலகையைத் தன் வீட்டுச் சுவரில் முடுக்கிவிட்டார்.

ஆறு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஒரே வரி: தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. அத்தை என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். நான் அந்த வரியைப் படித்துவிட்டு வருத்தம் தெரிவிக்க ஆரம்பித்தேன்.

"அத ஏன்டா படிக்கிற? மேல படி."

மேலே, அரசு முத்திரைக்குக் கீழே, பெறுநர் முகவரி தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. திருமதி கி. எஸ்தர், எண் 7, ஞா. கில்லீஸ் தெரு, மயிலாப்பூர். கீழே குமரேசன் கையெழுத்து. தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். அத்தை அதை ஐந்து பிரதி எடுத்து, ஒன்றை அதே அலுவலகத்தில் ஆவணமாகத் தாக்கல் செய்துவிட்டு வந்தார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டார். இதுவரை யாரும் செந்தாமரையோடு வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பேருந்தில் வருபவர்கள் மயிலாப்பூர் குளத்தில் இறங்கி ஒன்பது நிமிடம் நடக்கலாம். கட்டணம் இல்லை, காலணி கழற்ற வேண்டியதில்லை. மழைநாளில் வரதன் மாமா சொன்ன சேறு உண்டு. இரண்டு மணியிலிருந்து நான்குவரை அத்தை தூங்குவார், கதவைத் தட்டாதீர்கள். பலகையைப் புகைப்படம் எடுப்பதற்குத் தடையில்லை. எடுத்தால் இடது ஓரம் வெட்டுப்படாமல் எடுங்கள்.